பூஜ்யம் எங்கே இருக்கிறது?

கடற்கரையே இல்லாத கோலார் தங்க வயலிலும் உயரத்தைக் கடலை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே. 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்ட சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அடியாழத்தில் பாறை உடைத்த தமிழ்த் தொழிலாளி, கடல் மட்டத்துக்கு 2 கிலோமீட்டர் கீழே நின்றிருந்தார்.

அந்தக் கடல் மட்டம் எங்கே இருக்கிறது? எந்தக் கரையிலும் அப்படியொரு கோடு கிடையாது. நிலவும் சூரியனும் இழுக்க, கடல் தினமும் ஏறி இறங்குகிறது. ஓதம் என்று தமிழில் இதற்குப் பழைய பெயர். சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். குஜராத்தின் பாவ்நகரில் 10 மீட்டரையும் தாண்டும்.

இதை அளக்கும் கருவி எளிமையானது. துறைமுகத்தில் கிணறு போல ஒரு குழாய். அடியில் சிறு துளை. அலையின் துள்ளல் உள்ளே வராது, நீர்மட்டம் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். மிதவை அதைப் பின்தொடர, சுழலும் தாளில் பேனா கோடு போடும். இன்று ரேடார் கருவிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. நிலவுப் பாதையின் ஒரு சுழற்சி முடிய 18.6 ஆண்டுகள் ஆவதால், நம்பகமான சராசரிக்கு 19 ஆண்டுப் பதிவு வேண்டும். வரைபடங்களின் 'பூஜ்யம்' இந்தச் சராசரிதான்.

பிரிட்டிஷ் கால நில அளவைத் துறை, கராச்சி, மும்பை, நாகப்பட்டினம், சென்னை உட்பட 9 துறைமுகங்களின் சராசரியை ஒரே மட்டம் என்று வைத்து நாட்டின் உயரங்களைக் கணக்கிட்டது. ஆனால் கடல் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இல்லை.

தரையும் அசையாமல் இருப்பதில்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்து வீடுகள் அதிர்ந்ததைப் பார்த்த தங்க வயல்காரர்களுக்கு இது புதிதல்ல. வங்கத்தின் டயமண்ட் ஹார்பரில் கடல் வேகமாக உயர்வதாகக் கருவி காட்டுகிறது. அதில் ஒரு பங்கு, வண்டல் நிலம் அமிழ்வதால் வருவது.

1901க்கும் 2018க்கும் இடையே உலகின் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. தினமும் ஒரு மீட்டர் ஆடும் நீரில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வைக் கண்டுபிடிக்க, விடாத நெடுங்காலப் பதிவு ஒன்றே வழி. மும்பையின் பதிவு 1878ல் தொடங்குகிறது. நம் துறைமுகங்கள் பலவற்றின் பதிவுகளிலோ ஆண்டுக்கணக்கில் ஓட்டைகள்.

மூடிய சுரங்கத்தை என்றாவது திறக்கலாம். குறிக்காமல் விட்ட ஒரு நாளின் கடல் மட்டத்தை எந்த ஆழத்திலிருந்தும் தோண்டி எடுக்க முடியாது.