பூனைக்குச் சிலை, நாய்க்குத் தீவு

இஸ்தான்புல்லைப் பற்றி எழுத முனைவோர் பெரும்பாலும் அதன் பூனைகளிடமே மனத்தைப் பறிகொடுக்கின்றனர். அயா சோபியாவில் வாழ்ந்து 2020-இல் மறைந்த ‘க்ளி’ என்னும் பூனைக்கு உலகப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. நடைபாதைப் படியில் முன்னங்கால் ஊன்றி ஒய்யாரமாகச் சாய்ந்திருந்த ‘தொம்பிலி’க்கு 2016-இல் சிலையே எழுந்தது. இக்கதைகள் இனியவை, மெய்யானவையும்கூட. ஆயினும் இவை பாதிக் கதைகளே என்பது நம் கருத்து.

மறுபாதி 1910-இல் நிகழ்ந்தது. அந்நகரின் நாய்கள் எவர் வீட்டுக்கும் உரியனவல்ல, தெருவுக்கு உரியன. சமய வழக்கில் தூய்மையற்றவை எனக் கருதப்பட்டபோதும் தெருவார் அவற்றுக்கு உணவிட்டனர். அவை கழிவுகளைத் தின்றன. இரவில் அயலாரைக் கண்டு குரைத்தன. 1908 புரட்சிக்குப்பின் அதிகாரத்துக்கு வந்த இளந்துருக்கியருக்கோ தம் தலைநகர் மேலைநாட்டு நகரங்களைப்போல் தோன்றவேண்டும் என்ற வேட்கை இருந்தது. பல்லாயிரம் நாய்கள் பிடிக்கப்பட்டு, மர்மராக் கடலிலுள்ள சிவ்ரியாடா என்னும் பாறைத்தீவில் விடப்பட்டன. அங்கே நீருமில்லை, உணவுமில்லை. பசியிலும் தாகத்திலும் அவை மடிந்தன. காற்று கரைநோக்கி வீசியபோது அவற்றின் ஊளை நகருக்குக் கேட்டது என்பர். பின்வந்த போர்த்தோல்விகளை நாய்களின் சாபம் என்றே மக்கள் பேசிக்கொண்டனர்.

வெறிநாய்க்கடி குறித்த அச்சம் நியாயமானதுதானே என்று கேட்கலாம். நியாயமானதே. ஆனால் பாஸ்டரின் தடுப்பூசி 1885-லேயே வந்துவிட்டது. அச்சிகிச்சைக்கான நிலையம் இந்நகரிலேயே 1887-இல் தொடங்கப்பட்டது. எனவே நோய் குறித்த அச்சத்தைவிட, பிறர் கண்ணில் எப்படித் தெரிகிறோம் என்ற கூச்சமே அந்நாய்களைத் தீவுக்கு அனுப்பியது எனக் கருதுகிறோம்.

இது பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. 2010-இல் செர்ஜ் அவெதிகியன் இந்நிகழ்வைக் குறும்படமாக்கினார். கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை அதற்குக் கிடைத்தது. 2024-இல் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கத் துருக்கி நாடாளுமன்றம் சட்டமியற்றியபோது, எதிர்த்தோர் அத்தீவையே நினைவூட்டினர். நூறாண்டுக்கு முந்தைய துயரம் ஒரு வாதத்துக்கு வலுவூட்டியது என்றால், யாரோ அதை மறவாமல் சொல்லிவந்திருக்கிறார்கள் என்பதே காரணம்.

நகர விலங்குகளின் கதைகளைச் சொல்வோரிடம் நாம் வேண்டுவது இதுதான். பூனையின் சிலையைப் பற்றி எழுதும் பக்கத்திலேயே நாய்களின் தீவைப் பற்றியும் எழுதுங்கள். இரண்டும் ஒரே நகரின் செயல்கள். முன்னதை மட்டும் சொன்னால், இரக்கம் அந்நகரின் இயல்பு என்று நம்பிவிடுவோம். பின்னதையும் அறிந்தால்தான் எந்த நகரும் தன் இரக்கத்தைக் கைவிடக்கூடும் என்பது விளங்கும்.