கயிறு கட்டிய நல்கை

கொடுக்கும்போதே கயிற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது கொடையாகாது. மாட்டைத் தொழுவத்திற்குள் இழுக்கக் காட்டும் புல்லுக்கட்டே அது! அமெரிக்க நாட்டில் 2025 பிப்பிரவரியில் நடந்ததை உற்று நோக்குவார்க்கு இது தெற்றென விளங்கும். ஆசிரியப் பயிற்சிக்கென்று பல்கலைக் கழகங்களுக்கும் பிற அமைப்புகளுக்கும் ஒப்புக்கொண்டு வழங்கிவந்த நல்கைகளுள் 60 கோடித் தாலருக்கு மேற்பட்டவற்றை அந்நாட்டு நடுவணரசின் கல்வித்துறை ஒரே வீச்சில் வெட்டி எறிந்தது. அத்துறை சாற்றிய குற்றம் என்ன? களவா? கையாடலா? இல்லை! குமுகாய நயன்மைக்குப் போராடுதல், இனவெறியை எதிர்த்தல் முதலிய 'பிரிவினைக் கருத்து'களை ஆசிரியர்க்குப் பயிற்றினர் என்பதே குற்றம்!

ஆசிரியர் கிடைக்காது அல்லலுறும் பள்ளிகளுக்கு ஆசிரியரை அணியப்படுத்தி அனுப்புவது அந்நல்கைகளின் தலையாய பணி. எட்டு மாநிலங்கள் வழக்காடின. கீழ்மன்றம் நல்கையைத் தொடருமாறு ஆணையிட்டது. 2025 ஏப்பிரல் 4-இல் உச்சநீதி மன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. வழக்கில் வென்றால் உரிய மன்றத்தில் பணத்தைப் பின்னர்ப் பெற்றுக்கொள்ளலாமாம்! கடன்பட்டவன்மேல் வழக்காடும் வணிகனுக்கு அவ்விடை பொருந்தும். ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவன், தீர்ப்பு வரும்வரை ஆறாம் வகுப்பிலேயே காத்துக்கிடப்பானோ?

"அரசுப் பணத்தில் அரசியல் எதற்கு? ஆசிரியர் பாடத்தை நடத்திவிட்டுப் போகட்டுமே" என்று நடுநிலையாளர் போலப் பேசுவார் உளர். பாடம் எங்கே முடிகின்றது, அரசியல் எங்கே தொடங்குகின்றது என்று கோடு கிழித்துக் காட்ட அவரால் இயலுமா? தென் கரோலினா மாநிலத்துச் செப்டிமா கிளார்க் என்னும் கறுப்பின ஆசிரியையின் வாழ்க்கையை அவர்முன் வைப்போம். அக்கோட்டை அவரே கிழித்துக் காட்டட்டும்.

அவர் பிறந்த சார்லசுடன் நகரில், கறுப்பினக் குழந்தைகள் பயிலும் அரசுப் பள்ளியிலுங்கூடக் கறுப்பின ஆசிரியர் பணியாற்ற அந்நாளில் இடமில்லை. ஆகவே 1916-இல், தம் பதினெட்டாம் அகவையில், அவர் சான்சு தீவுக்குச் சென்றார். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர். தலைமை தாங்கிய செப்டிமாவுக்குத் திங்களுக்கு 35 தாலர் சம்பளம். அதே தீவில் வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியைக்கு 85 தாலர்! இஃது அவரே பிற்காலத்திற் சொல்லிய கணக்கு. அவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதி, "வகுத்துப் பாருங்கள் பிள்ளைகளே" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அது கணக்குப் பாடமா, அரசியலா? (வகுத்தலைக் கற்பிக்க அதனினும் நல்ல எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் இல்லை என்பது வேறு.)

நாற்பதாண்டுகள் கற்பித்தார். 1945-இல் கொலம்பியா நகரில் கறுப்பின ஆசிரியர்க்கும் ஒத்த சம்பளம் வேண்டுமென்று நடந்த வழக்கிற்குத் துணைநின்றார். 1956-இல் தென் கரோலினா அரசு ஒரு சட்டம் செய்தது: கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடிவந்த 'நிறத்தவர் முன்னேற்றத்திற்கான நாட்டுக் கழக'த்தில் அரசுப் பணியாளர் எவரும் உறுப்பினராதல் கூடாது! செப்டிமா தம் உறுப்பாண்மையை மறைக்கவில்லை, விடவுமில்லை. வேலை போயிற்று, வேலையோடு நாற்பதாண்டு உழைப்பின் ஓய்வூதியமும் போயிற்று. எல்லோரி என்னும் சிற்றூர்ப் பள்ளியில் அவ்வாண்டே 21 ஆசிரியர்கள் இவ்வாறே பணியிழந்தனர். பள்ளிக்குள் அரசியலைக் கொணர்ந்தவர் யார்? ஆசிரியரா, சட்டம் செய்த அரசா?

இவ்விடத்திற் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சட்டத்தை எதிர்க்குமாறு செப்டிமா 726 கறுப்பின ஆசிரியர்க்கு மடல் எழுதினார். விடை தந்தவர் 26 பேர். மேலதிகாரியை நேரிற் காண வருவதாகச் சொன்னவர் 11 பேர். வந்து நின்றவர் அவரோடு ஐவர்! எஞ்சியோரைக் கோழைகள் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. ஆனால், சம்பளம் ஒரே கையிலிருந்து வருகின்றது; அந்தக் கை மூடினால் அடுப்பில் பூனை உறங்கும்; வாடகைக்கும் பிள்ளை படிப்பிற்கும் வேறு வழியில்லை. அந்நிலையில் நெஞ்சுரம் ஐந்து பேரிடமேனும் இருந்ததே வியப்பு. குறை ஆசிரியர்தம் நெஞ்சில் மட்டும் இல்லை. அவர்களைத் தாங்குவதற்கு வேறொரு கை இல்லாமையிலும் உள்ளது. நல்கை என்பது அந்த வேறொரு கையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அது பொன்னாடைக்கும் புகைப்படத்திற்கும் ஆகுமேயன்றி வேறெதற்கும் ஆகாது.

அத்தகைய கை ஒன்று நீண்டதும் வரலாற்றில் உண்டு. தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய விரும்புவோர் மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி; எழுத்தறியாக் கறுப்பின மக்களை வாசலிலேயே நிறுத்துவதற்கு வைத்த தடைக்கல் அது. சான்சு தீவில் ஏசா செங்கின்சு என்பாரும் செப்டிமாவும் முதியோர் வகுப்பொன்று தொடங்க முனைந்தபோது, தென்னசி மாநிலத்து ஐலேண்டர் நாட்டுப்புறப் பள்ளி 1,500 தாலரை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. தீவு மக்கள் அதைக்கொண்டு ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கினர். முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை! வெள்ளையர் கண்ணுக்கு உப்பும் மாவும் விற்கும் கடை, உள்ளே எழுத்து. கடை வருவாயில் கடனையும் அடைக்கலாம்.

1957-இல் தொடங்கிய அவ்வகுப்பிற்கு ஆசிரியையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முடிதிருத்தி அழகுசெய்யும் தொழிலினரான பெர்னிசு இராபின்சன். பட்டம் பெற்றவர் வேண்டா, தீவு மக்களைத் தாழ்வாக நோக்காதவரே வேண்டும் என்று தேர்ந்தனர். அத்தீவினர் பேசுவது 'கல்லா' என்னும் வழக்குமொழி. படித்தவர் பலர் அதனைக் கொச்சையென்று நகையாடிவந்தனர். மக்களின் வாய்மொழியை இழித்துரைப்பவன் அம்மக்களுக்கு எழுத்தறிவிக்கத் தகுதியற்றவன் என்பதைத் தமிழர்க்குச் சொல்லவும் வேண்டுமோ? பாடநூலென ஒன்றும் இல்லை. தம் பெயரை எழுதுதல், கடைக்குப் பொருள் வேண்டி எழுதும் படிவம், வாக்காளர் விண்ணப்பம் - இவையே பாடம்.

அந்தக் கையையும் அரசு விட்டுவைத்ததா? 1959-இல் காவலர் ஐலேண்டர் பள்ளிக்குள் புகுந்தனர், செப்டிமாவைச் சிறைப்பிடித்தனர். 1961-இல் பள்ளியின் ஒப்புதலைப் பறித்து உடைமைகளையும் கைக்கொண்டனர். ஆயினும் வகுப்புகள் அழியவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அவற்றை ஏற்று நடத்தியது. பணம் ஓர் அறக்கட்டளையினுடையது; நடத்தியவர் மற்றொருவர்; இடமோ ஊர்மக்களுடையது. கைகள் பலவாக இருந்தமையால் ஒன்றை வெட்டியும் பயனில்லாது போயிற்று.

பெருஞ்செல்வர் கொடையைப் பற்றியும் ஒரு சொல். சூலியசு உரோசன்வால்டு என்னும் வணிகரின் கொடையால் 1912 முதல் 1932 வரை பதினைந்து தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு 4,977 பள்ளிகள் எழுந்தன. அதனைக் குறைத்துப் பேசுதல் நன்றி கொல்லுதலாகும். ஆயின் அத்திட்டத்திற்கு அவர் அறக்கட்டளை தந்தது ஏறத்தாழ 43 இலக்கம் தாலர். வரி செலுத்தியது போக, அவ்வேழைக் கறுப்பின மக்கள் தாமே திரட்டித் தந்தது ஏறத்தாழ 47 இலக்கம்! கட்டடத்தில் நிற்பதோ செல்வர் பெயர். அப்பள்ளிகளும் வெள்ளையர்க்கு வேறு, கறுப்பர்க்கு வேறு என்னும் வேலிக்குள்ளேயே நின்றன. வேலியைத் தொடாதவரை கொடைக்குத் தடையில்லை.

இன்று ஆசிரியர்க்கு நயன்மைப் பணிக்கென நல்கை தருவோம் என முன்வருவோர் சில வினாக்களுக்கு விடை சொல்லட்டும். திட்டத்தை வகுப்பவர் வகுப்பறையில் நிற்பவரா, அலுவலகத்தில் இருப்பவரா? ஓராண்டு தந்து மறு ஆண்டு கைவிரிப்பீரா? அந்த ஆசிரியரை வேலையினின்று நீக்கினால் வழக்குச் செலவை யார் ஏற்பது? வழக்கு முடியும்வரை அவர் வீட்டில் உலை வைப்பது யார்? இவற்றிற்கு விடையில்லாத நல்கையை ஆசிரியர் ஏற்பதற்குமுன், பெற்றோரையும் ஊராரையும் கூட்டி, கைக்காசு போட்டு, ஒரு சிறு வைப்பையேனும் தொடங்கிக் கொள்ளுதல் நல்லது. மளிகைக் கடைக்குப் பின்னால் ஓரறை போதும்.

செப்டிமாவின் ஓய்வூதியத்தைத் தென் கரோலினா அரசு 1976-இல்தான் திருப்பித் தந்தது. அப்பொழுது அவர்க்கு அகவை 78. அதற்கு முந்திய ஆண்டிலேயே சார்லசுடன் மக்கள் அவரைத் தங்கள் பள்ளிக் குழுவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தனர்.