சேர்ந்து சாயாத காடு

1968இல் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் நகரம் தொடங்கியபோது குயிலாப்பாளையத்தைச் சுற்றியிருந்த செம்மண் மேட்டில் நிழல் அரிது. மழைநீர் மண்ணை அரித்துப் பள்ளம் பறித்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. அங்கே குடியேறியவர்கள் கரை போட்டு நீரை நிறுத்தி, விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டார்கள். அதன் நிழலில் வீரை, கருங்காலி முதலிய நம் கடலோரக் காட்டு மரங்கள் தலையெடுத்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அகேசியாக்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. மண்ணின் மரங்கள் பல நிலைத்து நின்றன. தன்னைத் தானே பேணும் கணினியை உருவாக்க நினைப்பவர்களுக்கு இந்த மேட்டில் ஒரு பாடம் இருக்கிறது.

மனிதரால் மேய்க்க முடியாத அளவுக்குக் கணினி அமைப்புகள் சிக்கலாகிவிட்டன என்று 2001இல் ஐபிஎம் ஆய்வுப் பிரிவின் தலைவர் பால் ஹார்ன் எச்சரித்தார். நாம் நினையாமலே இதயத் துடிப்பைச் சீராக்கும் நரம்பு மண்டலத்தைப் போல அவை தாமே பழுது நீக்கி, தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்றார். இயற்கை அதற்கு வழிகாட்டும் என்பது வெறும் உவமை அல்ல. விதையோடு திரும்பும் எறும்புகள் எவ்வளவு விரைவாக வருகின்றனவோ, அதைப் பொறுத்தே அறுவடை எறும்புகள் புற்றைவிட்டுக் கிளம்புகின்றன. இணையத்தில் தரவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையும் இதை ஒத்ததே என்று ஆய்வாளர்கள் பாலாஜி பிரபாகர், டெபோரா கார்டன் குழுவினர் 2012இல் காட்டினார்கள். புற்றின் முழு நிலையை அறிந்த எறும்பு ஒன்றுகூட இல்லை; ஆனாலும் புற்று பிழைத்திருக்கிறது.

ஆனால் தானியங்கிகளை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் உள்வலையைத் துண்டித்தது. தரவு மையங்களை எட்ட முடியாத, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சேவையகங்கள், தமக்கே உடல்நலமில்லை என்று கணித்து, விதிப்படி இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. வாட்ஸ்அப் உட்பட அந்நிறுவனத்தின் சேவைகள் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. தனித்தனியே பார்த்தால் அந்த விதி சரி; எல்லாச் சேவையகங்களும் ஒரே விதியை ஒரே நேரத்தில் பின்பற்றியதுதான் கேடு. அகேசியா சாய்ந்ததும் இப்படித்தான்: ஒரே வகை மரத்துக்கு ஒரே வகை பலவீனம்.

ஒரே வகைக்குப் பதில் பன்மையை நாடினால் செலவு அதிகம் என்பார்கள். ஓர் எறும்பு செத்தால் புற்றுக்கு நட்டமில்லை, ஒருவரின் வங்கிக் கணக்கு அழிந்தால் ஆகுமா என்றும் கேட்பார்கள். இரண்டும் உண்மை. அதனால்தான் சுமையைப் பகிர்வதையும் வழி தேடுவதையும் எறும்பு முறைக்கு விடலாம். கணக்கேட்டைக் கண்டிப்பான விதியும் பொறுப்பேற்கும் மனிதரும் காக்க வேண்டும். விரைவில் நிழல் தரும் மரத்தை முதலில் நடுவதில் தவறில்லை. அதையே காடு என்று நம்பி நின்றுவிடுவதுதான் தவறு.