தேவதைக்கு வாடகை இல்லை

‘வெள்ளுடை தேவதை’ என்ற பட்டம் எனக்கு வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று அதையும் ஒரு ரோஜாப் பூவையும் கையில் கொடுக்கிறார்கள். தேவதைக்குப் பசி இல்லை, வீட்டு வாடகை இல்லை, ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கும் பிள்ளை இல்லை. நிர்வாகங்களுக்கு இதைவிட வசதியான பட்டம் உண்டா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் என்ன செய்கிறேன்? விபத்தில் தலையில் அடிபட்டவரின் கண்ணில் டார்ச் அடித்துப் பாப்பாவைப் பார்க்கிறேன். கிளாஸ்கோ அளவுகோலில் 13 இருந்தவர் 11-க்கு இறங்கினால், மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கலாம் என்று உடனே டாக்டரை அழைக்கிறேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வராமலிருக்கத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துகிறேன். குழாயை அடைக்கும் சளியை உறிஞ்சி எடுக்கிறேன். மணிக்கொரு முறை சிறுநீரை அளக்கிறேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறேன்.

இதில் எது தாய்மை? அத்தனையும் படித்து, பழகிக் கற்றது. பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிட்டால், இயல்புக்கு யார் கூலி கொடுப்பார்கள்? நம் அம்மாக்களின் அடுப்படி உழைப்புக்குப் போட்ட அதே கணக்குதான் இது.

வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில், இரவில் மூன்று பேர் என் பொறுப்பு. ஆள் கேட்டால், “சேவை மனப்பான்மை இல்லையா சிஸ்டர்?” என்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிண்டா ஐகென் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. சேவை மனப்பான்மையால் இந்தக் கணக்கை நேர்செய்ய முடியுமா?

அரசு மட்டும் என்ன செய்தது? 2015-இல் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது.

உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவையடுத்து அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளச் செவிலியர்கள் வேலைநிறுத்தம்வரை போய், 2018-இல் அதை அரசாணையாக்கினார்கள். அங்கே எந்தத் தேவதையும் வந்து உதவவில்லை, சங்கம் இருந்தது.

நர்சிங் படிக்கும் தங்கைகளே, ரோஜாப் பூவை வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொடுப்பவரிடம் அப்போதே கேளுங்கள்: இன்றிரவு எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர்? சம்பளம் எவ்வளவு?