கம்பிக்கு விலை வைக்கிறார்கள், காரைக்குடியே எழுந்து வா!



2022 செப்டம்பர் 10 முதல் நாம் கட்டிவரும் மின்கட்டணத்துக்கான காலக்கெடு 2027 மார்ச் மாதத்தோடு முடிகிறது. மின்வாரியத்தின் அடுத்த கட்டண மனு தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனால், பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே உத்தரவு போட முடியும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு நமக்குத் தந்த உரிமை இது. மனு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் கதை முடிந்தது.

போன முறை நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் 16 கோவை, 18 மதுரை, 22 சென்னை. தமிழ்நாடு முழுமைக்கும் மூன்றே ஊர்களில் கருத்துக்கேட்பு. செப்டம்பர் 9ஆம் தேதி உத்தரவு வந்துவிட்டது. புதுவயல் ஆலைக்காரரும் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரரும் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினால்தான் வாய் திறக்க முடியும் என்ற நிலை. அந்த ஒரே உத்தரவில், விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் 6 விழுக்காடு வரை கட்டணம் ஏறவும் வழி செய்துவிட்டார்கள். 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 விழுக்காடு என்று ஏறியது அப்படித்தான். மூன்று நாள் கூட்டம், ஐந்து ஆண்டுச் சுமை!

யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள். கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர், துணைமின்நிலையம், வழியில் வீணாகும் மின்சாரம் ஆகியவற்றின் செலவும் நம் தலையில்தான் விழுகிறது. நிலைக் கட்டணத்தைப் பாருங்கள். 40 கிலோவாட் இணைப்புள்ள ஒரு அரிசி ஆலை முன்பு கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய் வீதம் 1,400 ரூபாய் கட்டியது. 2022 உத்தரவில் அது 75 ரூபாயாகி, மாதம் 3,000 ஆனது. நெல் வரத்து இல்லாமல் மோட்டார் ஓடாத மாதத்திலும் இந்தக் காசு போய்த்தான் ஆகவேண்டும். சொந்தக் காசில் கூரைமேல் சோலார் போட்ட சிறு தொழில்காரரிடமும் யூனிட்டுக்கு 1.53 ரூபாய் நெட்வொர்க் கட்டணம் கேட்டார்கள்.

இந்தக் கட்டணங்களை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று சிறு தொழில்கள் மாநிலமெங்கும் ஒரு நாள் கதவடைத்தன. அந்த நவம்பரிலேயே சிறு தொழில்களுக்கான நெட்வொர்க் கட்டணத்தை அரசு பாதியாகக் குறைத்தது. கேட்டதால் கிடைத்தது. 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் குண்டை எதிர்கொண்டார்கள். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு மனுவும் ஒரு நாளும்தான்.

வீட்டுக்கு இலவச யூனிட் இருக்கிறதே, நமக்கென்ன என்று எண்ணும் தாய்மார்களே, மாவு மில்லிலும் பலகாரக் கடையிலும் ஏறுகிற கட்டணம் உங்கள் அடுப்படிக்குத்தான் வந்து சேரும்.

வல்லுநர் கணக்கு நமக்கு எதற்கு என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கம்பியில் இவ்வளவு முதலீடு செய்தோம், செய்யப்போகிறோம் என்றுதான் கட்டணத்துக்குக் கணக்குக் காட்டுவார்கள். அந்தக் கம்பியின் கடைசி முனையில் இருப்பவர்கள் நாம். கல்லல் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் மாற்ற எத்தனை நாள் ஆனது, தேவகோட்டையில் லோ வோல்டேஜால் எத்தனை மோட்டார் காயில் கருகியது, கானாடுகாத்தானில் மழைக்காலத்தில் எத்தனை முறை கரண்ட் போனது என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். இதைத் தேதியோடு எழுதிக் கொடுத்தால் அது புலம்பல் ஆகாது, சாட்சியம் ஆகும். செலவழித்ததாகச் சொல்லும் பணம் எங்கள் தெருவுக்கு வந்ததா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே தீரவேண்டும்.

ஆகவே, இந்த வாரமே தொடங்குங்கள். பழைய கரண்ட் பில்களைத் தேடி எடுங்கள். மின்தடை நேரத்தையும், காயில் கட்டக் கொடுத்த ரசீதையும், பிரிவு அலுவலகத்தில் கொடுத்த புகார் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆட்சேபணையைத் தமிழிலேயே எழுதுங்கள். எழுத வராதவருக்கு அடுத்த வீட்டுக் கல்லூரிப் பிள்ளை எழுதித் தரட்டும். கண்டாங்கி நெய்பவர், லேத் பட்டறைக்காரர், ஹோட்டல்காரர் என ஒவ்வொரு தொழிலிலிருந்தும் தனித்தனி மனு போகட்டும். ஒரே வாசகத்தில் நூறு கையெழுத்து போட்டால் அதை ஒரே மனுவாக எண்ணிவிடக்கூடும். சிவகங்கை மாவட்டத்துக்கும் ஒரு கருத்துக்கேட்பு வேண்டும், அதைக் காரைக்குடியில் நடத்துங்கள் என்று ஆணையத்துக்கு முதல் கடிதத்தை இன்றே அனுப்புங்கள். மறுத்தால் வண்டி பிடிப்போம். மதுரை அரங்கில் காலையில் முதலில் பெயர் கொடுப்பவர்கள் நம் ஊர்க்காரர்களாக இருக்கட்டும்!