வீடு முழுவதற்கும் ஒரே வடிகட்டி! வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

தண்ணீரை வடிகட்டிக் குடிப்பது நமக்குப் புதிது அல்ல. பாட்டிமார் பானையின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி வடித்தார்கள். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்கள். பிறகு மெழுகுவத்தி போன்ற வடிகட்டி வந்தது. அதற்குப் பிறகு சமையல் அறைச் சுவரில் தொங்கும் யந்திரம் வந்தது.

இப்பொழுது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் தண்ணீர் முழுவதையும் நுழையும் இடத்திலேயே மடக்கிச் சுத்தம் செய்யும் சாதனம் விற்பனையாகிறது. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க, எல்லாவற்றுக்கும் வடிகட்டிய தண்ணீர்! அழுக்குச் சேர்ந்தால் தன்னைத் தானே கழுவிக் கொள்ளும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியது இல்லை.

இது எதைச் செய்யும்? எதைச் செய்யாது? பணத்தைக் கொடுப்பதற்கு முன் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடல் உள்ளே வருவது எப்படி?

புதுச்சேரி நகரின் வடக்கே, லாஸ்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் பக்கத்தில் இருப்பது கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமி கோவில் உள்ள இடம். 1908-ல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார், இங்கே இருந்த தோப்புக்கு வருவார் என்றும், "குயில் பாட்டு" பிறந்தது அங்கேதான் என்றும் ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

தோப்பு இருந்த பக்கத்தில் இன்று வீடுகள் நெருங்கிவிட்டன. வீடுகள் பெருகினால் ஆழ்குழாய்க் கிணறுகளும் பெருகும். கிழக்கே கடலோ அதிக தூரத்தில் இல்லை.

நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. மழை பெய்து நல்ல தண்ணீர் ஊறினால் கடல் தண்ணீர் விலகி நிற்கும். நாம் மோட்டார் வைத்து அளவுக்கு மீறி உறிஞ்சினால், காலியான இடத்துக்குக் கடல் தண்ணீர் வரும். புதுச்சேரியின் கடலோரத்தில் கிணறுகள் உவர்த்துப் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

நகரத்துக்குக் குழாயில் வரும் தண்ணீரும் நெடுங்காலமாக நிலத்தடி நீரை நம்பியே இருக்கிறது. ஆகவே இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. ஊர் முழுவதும் ஒரே பானையில் மொண்டு குடிக்கிறது.

சாதனத்தின் வேலை என்ன?

வீட்டு வடிகட்டி என்பது ஒரே பொருள் அல்ல. வரிசையாக நிற்கும் சில உருளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

முதல் உருளையில் மணல். இது மண்ணையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். சில வீடுகளில் இரும்பை எடுக்கும் உருளையும் உண்டு. வாளியில் பிடித்த தண்ணீர் சிறிது நேரத்தில் பழுப்பு நிறம் ஆனால், அதில் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது கரி. இது கெட்ட வாசனையையும் குளோரின் வாசனையையும் போக்கும். அதற்கு அடுத்தது கடின நீரை மென்னீர் ஆக்கும் உருளை. கடின நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சோப்பு நுரைக்காது. குழாயில் வெள்ளை படியும். இந்த உருளையில் உள்ள மணிகள் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடும். மணிகள் களைத்துப் போனால் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும்.

"தானியங்கி" என்று சொல்வது இந்தக் கழுவும் வேலையைத்தான். கடிகாரமோ மீட்டரோ பார்த்து, வீட்டார் தூங்கும் நேரத்தில் வால்வு திறக்கும். தண்ணீர் எதிர்த்திசையில் பாய்ந்து அழுக்கை வெளியே தள்ளும்.

கரிப்பு போகாது

முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன எந்த உருளையும் கடல் உப்பை எடுக்காது. தண்ணீர் கரித்தால், மென்னீர் ஆக்கிய பிறகும் கரிக்கும். கடினம் வேறு, கரிப்பு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

கரிப்பை எடுக்க "ஆர்.ஓ." வேண்டும். மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளும் முறை அது. சாதாரண வீட்டு ஆர்.ஓ.வில் 4 லிட்டர் ஊற்றினால் சுமார் 1 லிட்டர்தான் நல்ல தண்ணீராக வரும். மீதி 3 லிட்டர் கழிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கத் திட்டங்களில் வைக்கும் அளவு. 5 பேர் உள்ள குடும்பத்துக்கு 675 லிட்டர். அதில் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லிட்டர் வைத்தால், 25 லிட்டர் போதும்.

அந்த 25 லிட்டருக்கு மட்டும் ஆர்.ஓ. வைத்தால் 100 லிட்டர் எடுக்க வேண்டும். வீடு முழுவதற்கும் அதே வகை ஆர்.ஓ. வைத்தால் 2,700 லிட்டர் எடுக்க வேண்டும்! 2,000 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். கடல் தண்ணீர் உள்ளே வருகிறதே என்று பயந்து வாங்கிய யந்திரம், நிலத்தடி நீரை இன்னும் வேகமாக உறிஞ்சிக் கடலை உள்ளே அழைத்துவிடும்.

இந்த விரயத்தைப் பார்த்துத்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் ஓர் உத்தரவு போட்டது. ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 500 மில்லி கிராமுக்குக் குறைவாக இருந்தால் ஆர்.ஓ. யந்திரத்துக்குத் தடை விதிக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொன்னது.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் வாசனை நமக்குப் பிடிப்பதில்லை. ஆனால் கிருமி வராமல் குழாய் நெடுகக் காவல் காப்பது அதுதான். கரி உருளை அந்தக் காவற்காரனை வாசலிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு வீட்டுக் குழாய்களில் தங்கும் தண்ணீரில் கிருமி வளர இடம் உண்டு. கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிக்குக் கூடாகும்.

மென்னீரில் சோடியம் சேருவதால், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு நகரங்களின் கதை

1892-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பரவியது. சுமார் 8,600 பேர் மாண்டார்கள். அதை ஒட்டியே ஆல்டோனா என்ற நகரம் இருந்தது. இரண்டு நகரங்களும் எல்பா நதித் தண்ணீரைத்தான் குடித்தன. ஆல்டோனா நதியின் கீழ்ப்பக்கம் இருந்தது. ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த தண்ணீர்தான் அதற்குக் கிடைத்தது.

ஆனால் ஆல்டோனாவில் காலரா பரவவில்லை. என்ன காரணம்? அந்த ஊர் தண்ணீரைப் பெரிய மணல் படுகைகளில் வடிகட்டி எல்லாருக்கும் கொடுத்தது. ஹாம்பர்க் வடிகட்டாமல் கொடுத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த தெருவில், ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, எதிர்ப்பக்கத்து வீடுகளில் சுகம்!

ஆல்டோனாவில் பணக்காரன் தப்பினான், ஏழையும் தப்பினான். ஊருக்கே ஒரு வடிகட்டி இருந்ததுதான் அதற்குக் காரணம்.

புதுச்சேரிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஆயி என்ற பெண், அரசன் ஆணைப்படி தன் மாளிகையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று சொல்வார்கள். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் எழுந்ததுதான் பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபம். வீட்டை இழந்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவள் பெயர் இன்றும் நிற்கிறது.

என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீரைச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள். விற்பவர் கையில் உள்ள கருவி கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். கிருமியைக் காட்டாது.

இந்தியத் தர அளவின்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினம் 200-க்குள் இருப்பது நல்லது. 600 வரை அனுமதி. 100 மில்லி லிட்டரில் ஒரு மலக் கிருமிகூட இருக்கக் கூடாது.

மண்ணும் இரும்பும் இருந்தால், வீடு முழுவதற்கும் மணல் உருளையும் இரும்பை எடுக்கும் உருளையும் போதும். கடினம் மிக அதிகம் என்றால் மென்னீர் உருளை வைக்கலாம். கரிப்பு இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. வைத்து, கழிவு நீரைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். கிருமிதான் கவலை என்றால், காய்ச்சிக் குடிப்பது நல்ல காவல். மேல்தொட்டியைக் கழுவாமல் வடிகட்டி வாங்குவதில் பயன் இல்லை.

மாடியில் விழும் மழையைக் கிணற்றுக்கு அருகே நிலத்தில் இறக்குங்கள். கடலைத் தள்ளி நிறுத்துவது அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயில் கலங்கலாக வந்தால் பொதுப்பணித் துறைக்கு எழுதிக் கொடுங்கள். தெருவார் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். வசதி உள்ளவர்கள் வடிகட்டி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், வசதி இல்லாத பக்கத்து வீட்டுக் குழந்தை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும்.