இணக்கம் பேசுவதற்கு முன் அவளின் உயிரைப் பாருங்கள்



அடி தாங்காமல் பிள்ளைகளோடு உம்மா வீட்டுக்கு வந்த பெண்ணை, ஒரு கிழமைக்குள் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவதை நன்மையான காரியம் என்று நினைக்கும் பெரியவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

"அதான் வீட்ட விட்டு வந்துட்டாளே, இனி என்ன பயம்?" என்று கேட்கிறீர்கள். பயம் அப்போதுதான் கூடுகிறது. அடிக்கிறவனுக்கு வேண்டியது அவளைத் தன் கைக்குள் வைத்திருப்பது. அவள் கைவிட்டுப் போகிறாள் என்று தெரிந்ததும் மிரட்டுகிறான், பின்னால் திரிகிறான், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறான். சில வேளை அது கொலை வரை போகிறது. அந்த நேரத்தில் அவளின் புது நம்பரை அவனுக்குக் கொடுப்பது யார்? "பாவம், பிள்ளைகளைப் பார்க்கத் துடிக்கிறான்" என்று அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது யார்? எங்கட ஊர் ஆட்கள்தான்.

மார்க்கம் சேர்த்துவைக்கச் சொல்கிறதே என்பீர்கள். பரீரா (ரழி) அவர்களின் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். அவர் பிரிந்தபோது கணவர் முகீஸ் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டு பின்னால் திரிந்தார். நபி (ஸல்) அவர்கள் திரும்பச் சேரலாமே என்று பேசிப் பார்த்தார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அவர் வேண்டாம் என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. முகீஸ் அடித்தவர் என்று யாரும் சொல்லவில்லை. அவர் விடயத்திலேயே அப்படியென்றால், கை நீட்டியவனிடம் திரும்பிப் போ என்று கட்டாயப்படுத்த எங்களுக்கு என்ன உரிமை?

"இத்தா முடியும்வரை அந்த வீட்டிலேயே இருக்கணும்" என்பது அடுத்த பேச்சு. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் இருந்த இடம் பயத்துக்குரியது என்பதால், வேறு வீட்டில் இத்தா இருக்க நபியவர்கள் அனுமதித்ததை ஹதீஸ்களில் காண்கிறோம். துன்புறுத்துவதற்காகப் பெண்களைத் தடுத்துவைக்க வேண்டாம் என்று சூரா பகராவின் 231ஆவது வசனம் தடுக்கிறது.

சட்டத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. விவாகரத்து காதி நீதிமன்றத்தில்தான். ஆனால் பாதுகாப்புக் கட்டளை கொடுப்பது நீதவான் நீதிமன்றம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் பொது. அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் அது வன்முறையாகவே பார்க்கிறது. இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரைக்கும் கிடைக்கும். அவளுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். இதைக் கேட்பதால் காதியை அவமதித்ததாகவோ, மார்க்கத்தை விட்டதாகவோ ஆகாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது நான்கு விடயங்கள்.

ஒன்று, அவள் சம்மதிக்காமல் இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்காதீர்கள். பேச வேண்டுமென்றால் தனித்தனியாகப் பேசுங்கள்.

இரண்டு, அவள் இருக்கும் இடத்தையும் நம்பரையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மூன்று, காதி நீதிமன்றத்துக்கு அவளைத் தனியே அனுப்பாதீர்கள். போக வர இரண்டு பேர் கூடப் போங்கள். விசாரணை முடிந்து ரோட்டுக்கு வரும் நேரம்தான் கவனம் தேவை.

நான்கு, பஸஹ் கேட்கும் பெண்ணிடம் காதி சாட்சி கேட்பார். இரவில் அலறல் கேட்ட பக்கத்து வீட்டார் அன்று "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒதுங்கக் கூடாது. சாட்சியை மறைப்பது பாவம் என்பதை ஜும்ஆவில் சொல்லுங்கள்.

சகோதரிகளுக்கு: அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். போன் பாஸ்வேர்டை மாற்றுங்கள், லொகேஷனை நிறுத்துங்கள். மிரட்டல் மெசேஜை அழிக்காதீர்கள், அது ஆதாரம். நீதிமன்றக் கட்டளை இருந்தால் ஒரு பிரதியைப் பாடசாலை அதிபரிடம் கொடுங்கள். கட்டளை கையில் இருந்தால்தான் கேட்டடியில் எங்களால் உறுதியாக நிற்க முடியும்.

உடனடி ஆபத்துக்கு பொலிஸ் 119. ஆலோசனைக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938.

குடும்பம் உடையக் கூடாது என்ற உங்கள் கவலை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் ஜனாஸா தொழுகைக்கு ஸப்பில் நின்றுகொண்டு "இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை" என்று சொல்வதில் யாருக்கும் பயனில்லை. முதலில் அவள் உயிரோடு இருக்கட்டும். இணக்கமா பிரிவா என்பதை அவளே முடிவெடுப்பாள்.